ஓல்ட் சேரம்: ஆளில்லாத மேட்டுக்கு இரண்டு எம்.பி.

#1 மலைக்கோட்டை மணி

பிரிட்டனில் ஒழிக்கப்பட்ட தொகுதிகளைப் பற்றி இங்கே அங்கங்கே பேசியிருக்கிறோம். ஆனால் எல்லாரும் போகிறபோக்கில் பெயர் மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும் ஓல்ட் சேரத்துக்குத் தனி இழை இல்லை. அதனால் தொடங்குகிறேன்.

இங்கிலாந்தின் தெற்கே வில்ட்ஷயர் மாவட்டத்தில், சாலிஸ்பரி நகரத்துக்கு வடக்கே உள்ள ஒரு மேடு. இரும்புக் காலத்தில் கட்டிய மண்கோட்டை அது. நார்மன் அரசர்கள் வந்ததும் அதன் நடுவில் ஒரு கோட்டையும் பெரிய தேவாலயமும் எழுந்தன, சுற்றி ஊரும் வளர்ந்தது. ஆனால் மேட்டில் தண்ணீர்க் கஷ்டம். காற்று வேறு. போதாக்குறைக்குக் கோட்டைச் சிப்பாய்களுக்கும் பாதிரியார்களுக்கும் ஒத்துப்போகவில்லை. கடைசியில் ஆயர் பொறுமையிழந்து கீழே ஆற்றோரச் சமவெளிக்குத் தேவாலயத்தையே மாற்றிக்கொண்டார். 1220இல் அங்கே புதுத் தேவாலயத்துக்கு அடிக்கல் போட்டார்கள். மக்களும் பின்னாலேயே இறங்கிவிட்டார்கள். அதுதான் இன்றைய சாலிஸ்பரி.

இனிமேல்தான் விஷயம். ஊர் கீழே இறங்கிய பிறகுதான் மேட்டுக்கு நாடாளுமன்ற இடம் கிடைக்கிறது. 1295இல் முதல் ஆணை. அதிலிருந்து, நடுவில் சில இடைவெளிகளோடு, 1832 வரை ஓல்ட் சேரம் இரண்டு உறுப்பினர்களை அனுப்பியது. அதே காலத்தில் சாலிஸ்பரியும் தன் பங்குக்குத் தனியாக இரண்டு பேரை அனுப்பியது. மான்செஸ்டர், பர்மிங்காம், லீட்ஸ் மூன்றும் ஆலைப் புகையோடு பெருநகரங்களாகிவிட்ட பிறகும் அவற்றுக்குச் சொந்த உறுப்பினர் ஒருவர்கூட இல்லை.

‘காலப்போக்கில் காலியான ஊர், மாற்ற மறந்துவிட்டார்கள்’ என்று பாடப்புத்தகம் சொல்கிற மாதிரி இதை நான் பார்க்கவில்லை. யாரும் மறக்கவில்லை. காலியாக இருந்ததால்தான் அதற்கு அவ்வளவு விலை. வாக்கு அங்கே மனிதருக்குச் சொந்தமில்லை, ‘பர்கேஜ்’ எனப்பட்ட பழைய மனைகளுக்குச் சொந்தம். மனை யார் கையில் இருக்கிறதோ அவருக்கு வாக்கு. வீடு இடிந்து உழுத நிலமாகிப் போனாலும் மனை மனைதான். எல்லா மனைகளையும் ஒருவரே வாங்கிவிட்டால் இரண்டு எம்.பி. இடங்களும் அவர் பெட்டியில்.

அதனால் இதன் தேர்தல் வரலாறு என்று நாம் எழுதப்போவது உண்மையில் ஒரு கிரயப் பத்திர வரலாறு. வாங்க, பேசலாம்.

#2 லண்டன் லட்சுமி

நல்ல இழை மணி அண்ணா. அந்த மேட்டைப் பார்த்தவர்களுக்கு நீங்கள் சொல்வது உடனே புரியும். வெளி அகழி, உள் அகழி, நடுவில் கோட்டையின் இடிந்த சுவர்கள், ஒரு பக்கம் பழைய தேவாலயத்தின் அடித்தள வரைபடம் மட்டும் புல்லில் கல்லாக. மேட்டின் ஓரத்தில் நின்றால் 123 மீட்டர் உயரச் சாலிஸ்பரி கோபுரம் தெரிகிறது. உள்ளே குடியிருப்பு எதுவும் இல்லை.

தேர்தல் கோட்டைக்குள் நடக்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கீழே ஒரு வயலில், ஒரு எல்ம் மரத்தடியில் நடந்தது. அந்த மரத்துக்கே ‘பார்லிமென்ட் மரம்’ என்று பெயர் வந்துவிட்டது. கட்டடம் இல்லாததால் தேர்தல் நாளில் தற்காலிகமாக ஒரு கொட்டகை போடுவார்கள்.

#3 கேள்விக்குறி

சரி, அடிப்படைச் சந்தேகம். எல்லா மனையும் ஒருவரிடமே இருந்தால் வாக்காளர் யார்? ஒரே ஆள் பத்து ஓட்டு போடுவாரா?

#4 மலைக்கோட்டை மணி

இம்மாதிரி மனை-வாக்கு ஊர்களில் பொதுவாக நடந்த வேலை இது: தேர்தலுக்கு முன்னால் முதலாளி சில மனைகளை நம்பிக்கையான ஆட்கள் பெயருக்கு எழுதிக்கொடுப்பார். அவர்கள் வந்து அவர் சொன்னவருக்குக் கைதூக்கிவிட்டுப் பத்திரத்தைத் திருப்பித் தந்துவிடுவார்கள். பினாமிக்கு ஓட்டுரிமை என்று வைத்துக்கொள்ளுங்களேன். ரகசிய வாக்கெடுப்பு பிரிட்டனில் 1872இல்தான் வந்தது. அதனால் சொன்ன பேச்சு மாறினால் அங்கேயே தெரிந்துவிடும்.

பெரும்பாலும் போட்டியே இருக்காது. போட்டி வந்த அபூர்வமான ஒரு தடவை 1728 இடைத்தேர்தல். ஹென்றி ஃபாக்ஸ் நின்றார். பிற்காலத்தில் பெரிய அரசியல்வாதியாக வந்த அதே ஃபாக்ஸ்தான். எதிரே கர்னல் ஹாரிசன். முடிவு: ஹாரிசன் 2, ஃபாக்ஸ் 1.

இரண்டுக்கு ஒன்று. சதவீதத்தில் போட்டால் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு பெற்ற மகத்தான வெற்றி!

#5 சேப்பாக்கம்காரன்

எங்கள் ஊர்க் கவர்னரை விட்டுவிட்டு என்ன ஓல்ட் சேரம் பேச்சு? தாமஸ் பிட். 1698 முதல் 1709 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநர். 1702இல் நவாப் தாவூத் கான் முற்றுகை போட்டபோது கோட்டையைக் காத்தவர். பிறகு அதே தாவூத் கானிடமிருந்து 1708இல் திருவொற்றியூர், கத்திவாக்கம், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, சாத்தங்காடு என்று ஐந்து ஊர்களைக் கம்பெனிக்கு வாங்கியவர். இன்றைக்கு நுங்கம்பாக்கத்தில் மனை விலை கேட்டு மயங்கி விழுகிறவர்கள் அந்த மனிதரை நினைத்துக்கொள்ளலாம்.

சென்னையில் ஜாம்சந்த் என்ற வைர வியாபாரியிடம் 410 காரட் கச்சா வைரம் ஒன்றை அடிமாட்டு விலைக்கு வாங்கினார். ஜாம்சந்த் கேட்டது 2 லட்சம் வராகன், கடைசியில் தந்தது 48,000 வராகன். 1717இல் பிரான்சின் ஆட்சிப் பொறுப்பில் இருந்த ஆர்லியன்ஸ் கோமகனுக்கு 1,35,000 பவுண்டுக்கு விற்றார். ‘டயமண்ட் பிட்’ என்றே பெயர். அந்தப் பணத்தில் வாங்கியதுதான் ஓல்ட் சேரம். அதாவது கோல்கொண்டா வைரம், மெட்ராஸ் பேரம், இங்கிலாந்து எம்.பி. சீட்.

#6 ஏடுபுரட்டி

சேப்பாக்கம்காரரே, கதை அழகு. ஆனால் ஆண்டு இடிக்கிறது. பிட் ஓல்ட் சேரத்தை சாலிஸ்பரி பிரபுவிடமிருந்து வாங்கியது 1691ஐ ஒட்டி. ஆளுநராக மெட்ராஸ் வந்தது 1698. வைரம் வாங்கியது 1700களின் தொடக்கத்தில். மேடு முன்னால், வைரம் பின்னால்.

அப்படியானால் 1691இல் பணம் எங்கிருந்து வந்தது என்பதுதான் சுவையானது. அந்த நாளில் அவர் கம்பெனி ஆள் இல்லை, கம்பெனிக்கு எதிரி. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏகபோகத்தை மீறி வங்காளத்துப் பாலசோர் பக்கம் கள்ளத்தனமாக வியாபாரம் செய்த ‘இன்டர்லோப்பர்’. கம்பெனி வழக்குப் போட்டு அபராதமும் வாங்கிக்கொடுத்தது. அந்தப் பணத்தோடு ஊர் திரும்பியவர், நிலத்தோடு சேர்த்து நாடாளுமன்ற இடத்தையும் வாங்கினார், தானே உறுப்பினராகவும் ஆனார். இவரை அடக்க முடியாது என்று கண்ட கம்பெனி பிற்பாடு இவரையே ஆளுநராக்கி மெட்ராஸுக்கு அனுப்பியது. சட்டத்தை மீறிச் சேர்த்த பணம், சட்டம் இயற்றுகிற இடத்தில் போய் உட்கார்ந்தது.

வைரப் பணம் மேட்டை வாங்கவில்லை, ஆனால் குடும்பத்தை நிலைநிறுத்தியது. கார்ன்வாலில் பெரிய பண்ணை, ஓக்ஹாம்டன் போன்ற ஊர்களில் செல்வாக்கு என்று பிட் குடும்பம் விரிந்தது.

#7 சேப்பாக்கம்காரன்

ஆண்டுக் கணக்கு உங்களோடது, பேரம் எங்களோடது :) இன்னொன்று. 1707இல் மெட்ராஸில் வலங்கை-இடங்கைச் சண்டை. இரண்டு சாதித் தொகுப்புகளுக்குள், எந்தத் தெருவில் யார் கல்யாண ஊர்வலம் போவது என்ற தகராறு. பிட்தான் எல்லை பிரித்துக் கல் நட வைத்தார். ஒரு தரப்பு கோபித்துக்கொண்டு சாந்தோமுக்குப் போய் உட்கார்ந்துவிட்டது. இங்கே அவர் ஆண்டது தெருத்தெருவாக ஜனம். அங்கே அவர் ‘பிரதிநிதி’யாக இருந்தது மூன்று வீட்டுக்கு. அந்த ஜனத்துக்கு அவரை எதுவும் கேட்க வழியில்லை, அந்த மூன்று வீட்டுக்குக் கேட்கத் தேவையே இல்லை.

#8 செங்கோல்

எல்லாரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள், மறுபக்கத்தை நான் எடுக்கிறேன்.

தாமஸ் பிட்டின் பேரன் வில்லியம் பிட் 1735இல், 26 வயதில், இதே ஓல்ட் சேரத்திலிருந்துதான் நாடாளுமன்றம் போனார். இளைய மகன், கையில் பெரிதாகப் பணமில்லை, ஊர் ஊராகப் பேசி ஓட்டு வாங்க வசதியில்லை. அண்ணன் கையில் இருந்த தொகுதி மட்டும் இல்லையென்றால் பிற்காலத்தில் பிரதமரான சாதம் பிரபு என்கிற ஆளுமையே வந்திருக்குமா? பேச்சாளரும் சிந்தனையாளருமான எட்மண்ட் பர்க் முதலில் உள்ளே போனது வெண்டோவர் வழியாக, அதுவும் ஒரு பிரபுவின் பைத்தொகுதிதான், அதாவது அவர் கைகாட்டியவரே உறுப்பினராகிற ஊர். சொந்தச் செல்வாக்கு இல்லாத மூளைக்காரர்களுக்கு அந்த நாளில் இருந்த ஒரே கதவு அது. இந்த வாதத்தை அன்றைக்கே பலர் வைத்தார்கள், லேசாகத் தள்ளிவிட முடியாது.

#9 மலைக்கோட்டை மணி

தள்ளவில்லை. ஆனால் அந்தக் கதவுக்குச் சாவி யார் கையில்? பிட் 1747 வரை ஓல்ட் சேரத்தில் இருந்தார். அதற்குள் அண்ணன் தாமஸ் இளவரசர் கோஷ்டி, தம்பி அமைச்சரவைப் பக்கம். உறவு முறிந்தது, கதவும் சாத்தியது. நாடே வியந்த பேச்சாளர் அடுத்த தேர்தலுக்கு நியூகாசில் கோமகன் கையிலிருந்த சீஃபோர்டுக்குப் போக வேண்டியதாயிற்று. ஒரு முதலாளியை விட்டால் இன்னொரு முதலாளி.

அப்புறம் அதே பிட் 1766இல் இந்தச் சின்ன ஊர்ப் பிரதிநிதித்துவத்தை அரசியலமைப்பின் அழுகிய பகுதி என்றே சபையில் சொன்னார். ‘அழுகல் தொகுதி’ என்று நாம் எழுதுகிறோமே, அந்த வசவு அப்படிப் பரவியதில் அவருக்கும் பங்கு உண்டு. ஏறிவந்த ஏணி எந்த மரத்தில் செய்தது என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

#10 லண்டன் லட்சுமி

மூளைக்காரர் பட்டியலில் ஜான் ஹார்ன் டூக்கை விட்டுவிட்டீர்களே. 1801. அப்போது மேட்டின் சொந்தக்காரர் இரண்டாம் கேமல்ஃபோர்டு பிரபு. அதே பிட் குடும்பம்தான், பயங்கர முன்கோபி. அவர் திடீரென்று ஹார்ன் டூக்கை உறுப்பினராக்கிவிட்டார். டூக் யார்? தேசத்துரோக வழக்கில் விடுதலையான தீவிரச் சீர்திருத்தவாதி. அழுகல் தொகுதிகளை ஒழிக்க வேண்டும் என்று வாழ்நாள் முழுக்கக் கத்தியவர், அழுகல் தொகுதிகளின் ராஜா வழியாக உள்ளே வருகிறார்!

அரசாங்கத்துக்கு அவரை வெளியே தள்ள வேண்டும். ஒரு காரணம் கிடைத்தது: அவர் முன்னாள் பாதிரியார். உடனே ஒரு சட்டம் போட்டார்கள், திருச்சபைக் குருமார் மக்களவையில் உட்காரக் கூடாது என்று. டூக் 1802 கலைப்பு வரை இருந்துவிட்டுப் போனார். சட்டம் மட்டும் 2001 வரை உயிரோடு இருந்தது. ஓர் ஆளைத் தடுக்கப் போட்ட சட்டம், 200 வருடம்.

கேமல்ஃபோர்டு 1804இல் ஒரு துப்பாக்கிச் சண்டையில் செத்துப்போனார். அதற்குள் மேட்டை விற்றுவிட்டிருந்தார்.

#11 வாய்க்கால்வரப்பு

நம்ம ஊரில் தொகுதி மறுவரையறை என்று சண்டை நடக்கிறதே, மக்கள்தொகை குறைந்த மாநிலத்துக்கு சீட் குறைப்பது சரியா என்று இந்தக் கதையை வைத்துப் பேசலாமே? ஓல்ட் சேரம் ஆதரவாளர்கள் என்ன சொல்வார்கள்?

#12 மட்டுறுத்துனர்

அதற்கு நடப்பு அரசியல் பகுதியில் ஏற்கெனவே மூன்று இழை ஓடுகிறது, மூன்றும் எனக்குத் தலைவலி. இங்கே 1832ஐத் தாண்ட வேண்டாம், தயவுசெய்து.

#13 தில்லைஸ்தானம்

வணக்கம். நான் அதிகம் எழுதுவதில்லை. ஆனால் மெட்ராஸ் தொடர்பு என்றதும் எல்லாரும் வைரத்தோடு நின்றுவிடுகிறீர்கள். வைரம் ஒரே ஒரு கல். நெல்லைப் பற்றி யாராவது பேச வேண்டாமா?

ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா கடன்காரர். சேப்பாக்கத்தில் அரண்மனை, ஓயாத சண்டைச் செலவு, எல்லாம் மெட்ராஸில் இருந்த கம்பெனி ஊழியர்களிடம் தனிப்பட்ட முறையில் வாங்கிய வட்டிக் கடன். அடமானமாக அவர் எழுதிக்கொடுத்தது நிலவரி வசூலை. 1773இல் கம்பெனிப் படையை வைத்துத் தஞ்சாவூரைப் பிடித்தார். அதோடு எங்கள் பக்கத்து விளைச்சலும் அடமானத்தில் போயிற்று. லண்டன் இயக்குநர்கள் தஞ்சாவூரை அரசர் துளஜாவிடம் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். ஆளுநர் பிகட் 1776இல் அப்படியே செய்தார். உடனே பால் பென்ஃபீல்டு என்ற கம்பெனி ஊழியர் எழுந்து, தஞ்சாவூர் வசூல்மேல் நவாப் எனக்கு 1,62,000 பவுண்டு எழுதிக்கொடுத்திருக்கிறார், தஞ்சாவூர்க்காரர்கள் தனியாக 72,000 பவுண்டு தர வேண்டும் என்றார். சாதாரணச் சம்பளக்காரர், குதிரை வண்டி மட்டும் பெரிது! பிகட் மறுத்தார். ஆலோசனைச் சபையின் பெரும்பான்மை ஆளுநரையே கைது செய்தது. 1777இல் அவர் காவலிலேயே இறந்தார்.

இப்போது இழைக்கு வருகிறேன். இந்தக் கடனெல்லாம் வசூலாக வேண்டுமானால் லண்டனில் ஆள் வேண்டும். அழுகல் தொகுதிகள் எதற்கு இருக்கின்றன? பென்ஃபீல்டு 1780இல் வில்ட்ஷயரின் கிரிக்லேடு தொகுதி உறுப்பினரானார். நவாபின் முகவர் ஜான் மெக்ஃபர்சன் அவருக்கு முன்பே 1779இல் அங்கே உறுப்பினர். இன்னொரு மெக்ஃபர்சன், ஜேம்ஸ், கவிஞர் என்று பெயரெடுத்தவர், அவரும் நவாபின் முகவர்தான்; கார்ன்வாலில் கேமல்ஃபோர்டு ஊரின் உறுப்பினர். பென்ஃபீல்டு தன்னையும் சேர்த்து எட்டுப் பேரை உள்ளே கொண்டுவந்தார் என்று பர்க் 1785 பிப்ரவரியில் மக்களவையில் பேசினார். கடன் உண்மையா பொய்யா என்று விசாரிக்காமலே கர்நாடகத்தின் (இன்றைய மாநிலம் இல்லை, நவாபின் ஆற்காட்டுச் சீமை) வருமானத்திலிருந்து கட்டலாம் என்று அரசாங்கம் முடிவெடுத்ததை எதிர்த்த பேச்சு அது. அந்தப் பேச்சில் நம் ஏரிகளைப் பற்றியும் வருகிறது. கர்நாடகத்திலும் தஞ்சாவூரிலுமாகப் பத்தாயிரத்துக்குக் குறையாத ஏரிகள் இருக்கும், அவற்றைப் பராமரிக்க வேண்டிய பணம் இப்படிப் போகிறது என்கிறார். பர்க் இந்தியாவுக்கு வந்ததே இல்லை.

ஓட்டெடுப்பில் அவர் பக்கம் தோற்றது. பிற்பாடு கடன் கோரிக்கைகளை ஆணையர்கள் உட்கார்ந்து ஆராய்ந்தபோது பத்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. மீதியெல்லாம் புளுகு.

திருவையாற்றுப் பக்கம் நடவு நட்டவருக்குக் கிரிக்லேடு என்ற பெயரே தெரிந்திருக்காது. ஆனால் அந்தத் தேர்தல் செலவில் அவர் களத்து நெல்லும் இருந்தது.

#14 சேப்பாக்கம்காரன்

ஐயா, இதைத் தனிக் கட்டுரையாகவே எழுதுங்கள். அடிக்கடி வாருங்கள்.

#15 கேள்விக்குறி

தில்லைஸ்தானம் ஐயா எழுதியது பிரமாதம். ஆனால் ஒரு எச்சரிக்கை. அன்றைக்கு மக்களவையில் 558 பேர். இந்தியப் பணத்தில் வந்தவர்கள் அதில் சிறு கூட்டம்தான். அழுகல் தொகுதிகளில் மிகப் பெரும்பாலானவை உள்ளூர்ப் பிரபுக்கள் கையில், அரசாங்கத்தின் கையில். இந்தியாவில் பணம் சேர்த்துத் திரும்பிய ஆங்கிலேயர்களைத்தான் ‘நவாப்கள்’ என்று கேலி செய்தார்கள். ‘நவாப்கள் வந்து கெடுத்தார்கள்’ என்று அன்றைய ஆங்கிலேயப் பிரபுக்களே கூவினார்கள். தாங்கள் நூறு வருடம் உட்கார்ந்திருந்த நாற்காலியில் புதுப் பணக்காரன் வந்து உட்கார்ந்த எரிச்சல் அது. அவர்கள் பாட்டை நாம் திரும்பப் பாட வேண்டாம்.

பர்க்கையும் கொஞ்சம் பாருங்கள். 1785இல் அந்த வீரப் பேச்சைப் பேசியபோது அவர் எந்தத் தொகுதி? மால்ட்டன். ஃபிட்ஸ்வில்லியம் பிரபுவின் பைத்தொகுதி. நாடாளுமன்றச் சீர்திருத்தத்துக்கு அவர் கடைசிவரை எதிரி.

#16 ஏடுபுரட்டி

எண்ணிக்கையில் கேள்விக்குறி சொல்வது சரி. ஆனாலும் ஓல்ட் சேரத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் தொடக்கமும் நம் பக்கம், முடிவும் நம் பக்கம்.

1802இல் கேமல்ஃபோர்டு பிரபுவிடமிருந்து மேட்டை வாங்கியவர் அயர்லாந்தின் இரண்டாம் கேலடன் பிரபு. விலை 60,000 பவுண்டு என்று சொல்கிறார்கள். நிலமாகப் பார்த்தால் ஆண்டுக்கு 700 பவுண்டுகூடத் தேறாது. மீதி விலையெல்லாம் அந்த இரண்டு நாற்காலிக்கு. இந்தக் கேலடனின் அப்பா இந்தியாவில் சம்பாதித்துப் பிரபுப் பட்டம் வாங்கியவர். மகனின் பெயர் டுப்ரே அலெக்சாண்டர். அந்த ‘டுப்ரே’ எங்கிருந்து? அத்தை கணவர் ஜோசையஸ் டுப்ரே, 1770 முதல் 1773 வரை மெட்ராஸ் ஆளுநர். அந்தப் பெயரைத்தான் குடும்பமே சுமந்தது.

கேலடன் முதலில் உட்கார வைத்தவர்களில் ஒருவர் நிக்கலஸ் வான்சிட்டார்ட், 1802 முதல் 1812 வரை. பிறகு நிதியமைச்சராகப் பத்தாண்டுக்கு மேல் இருந்தார். அவர் அப்பா ஹென்றி வான்சிட்டார்ட் வங்காள ஆளுநர், ஆனால் கம்பெனி வேலையைத் தொடங்கியது நம் கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையில், சிறுவனாக. 1812க்குப் பிறகு கேலடனின் உறவினர் ஜேம்ஸ் அலெக்சாண்டர். 1820இலிருந்து அவரோடு ஜோசையஸ் டுப்ரே அலெக்சாண்டர், இவர் கம்பெனி இயக்குநர்களில் ஒருவர். நடுவில் 1828 முதல் 1830 வரை, பிற்காலத்தில் துருக்கித் தூதராகப் புகழ்பெற்ற ஸ்ட்ராட்ஃபோர்டு கேனிங். 1832இல் கதவை மூடும்போது கடைசியாக வெளியே வந்த இரண்டு பேரும் அலெக்சாண்டர்கள்.

#17 செங்கோல்

ஒப்புக்கொள்கிறேன், முடிவு அசிங்கம்தான். ஆனால் சீர்திருத்த முயற்சி சொந்தக்காரர்களிடமிருந்தே வந்தது என்பதையும் எழுதுங்கள். சாதம் பிரபுவின் மகன் இளைய பிட் 1785இல் பிரதமராக இருந்துகொண்டே மசோதா கொண்டுவந்தார். 36 அழுகல் தொகுதிகளின் இடங்களை எடுத்து மாவட்டங்களுக்கும் லண்டனுக்கும் தருவது, சொந்தக்காரர்களுக்கு நஷ்டஈடாக 10 லட்சம் பவுண்டு நிதி. 248க்கு 174 என்று தோற்றது. அப்போது மேட்டின் சொந்தக்காரர் அவருடைய ஒன்றுவிட்ட அண்ணன் தாமஸ் பிட். ‘என் ஓல்ட் சேரத்தையே தியாகம் செய்கிறேன்’ என்று 1783 விவாதத்திலேயே சொன்னவர் அவர்.

#18 மலைக்கோட்டை மணி

சொன்னார். அந்த இரண்டு இடங்களை யாருக்குத் தரலாம் என்று யோசனை சொன்னார், அதையும் எழுதுங்கள் தோழர். இங்கிலாந்து வங்கிக்கு! மான்செஸ்டருக்கு இல்லை. நல்ல சீர்திருத்தவாதி.

நஷ்டஈடு விஷயம்தான் எனக்கு இந்த வரலாற்றின் முக்கியமான முடிச்சு. 1785 மசோதாவின் உள்ளர்த்தம் என்ன? வாக்கு ஒரு சொத்து, அதைப் பறித்தால் விலை தர வேண்டும். இந்த அடிப்படையை 1800இல் அயர்லாந்தை இணைத்தபோது அப்படியே செயல்படுத்தினார்கள். அங்கே ஒழித்த ஒவ்வொரு தொகுதிக்கும் சொந்தக்காரருக்கு 15,000 பவுண்டு, அரசுப் பணத்திலிருந்து. கேலடன் 1802இல் மேட்டை வாங்கும்போது இந்தக் கணக்கு அவர் மனதில் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். இது என் ஊகம்தான், ஆனால் அயர்லாந்துக்காரருக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? ஒருநாள் ஒழித்தாலும் காசு வரும்.

வரவில்லை. 1831 மார்ச் 1ஆம் தேதி ஜான் ரஸ்ஸல் பிரபு நாடாளுமன்றச் சீர்திருத்த மசோதாவை வைத்தபோது, வெளிநாட்டுக்காரர் ஒருவர் நம் நாட்டைப் பார்க்க வந்தால் என்ன நினைப்பார் என்று ஒரு கற்பனை சொன்னார். ஒரு பச்சை மேட்டைக் காட்டி, இது நாடாளுமன்றத்துக்கு இரண்டு பேரை அனுப்புகிறது என்றால் அவர் நம்புவாரா என்று கேட்டார். ஊர்ப் பெயர் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. இரண்டாம் வாசிப்பு 302க்கு 301, ஒரே ஓட்டு. அக்டோபரில் பிரபுக்கள் சபை தள்ளியது, பிரிஸ்டலில் கலவரம், நாட்டிங்காம் கோட்டைக்குத் தீ. 1832 ஜூன் 7ஆம் தேதி சட்டமானது. 56 ஊர்கள் தங்கள் உறுப்பினர்களை முழுசாக இழந்தன, ஓல்ட் சேரம் உட்பட. ஒரு பென்னிகூட நஷ்டஈடு இல்லை. இடைப்பட்ட 30 ஆண்டில் வாக்கு சொத்து என்ற எண்ணமே செத்துவிட்டது. மான்செஸ்டரில் சீர்திருத்தம் கேட்டுக் கூடிய ஜனத்தின்மேல் 1819இல் குதிரைப்படை பாய்ந்த பீட்டர்லூவில் விழுந்த வெட்டுகளுக்கும் அதில் பங்குண்டு.

#19 லண்டன் லட்சுமி

கடைசித் தேர்தல் 1831. வாக்காளர் 11 பேர், ஒருவர்கூட அங்கே குடியிருக்கவில்லை என்று படித்தேன். 7 பேர் என்றும் சில இடத்தில் வருகிறது. எதுவானாலும் ஒரு வேனில் அடங்கிவிடுவார்கள்.

பக்கத்துக் கிராமம் ஸ்ட்ராட்ஃபோர்டு-சப்-காசிலின் தேவாலயக் கோபுரத்தில், ‘தாமஸ் பிட், கொடையாளர்’ என்று 1711ஆம் ஆண்டுக் கல்வெட்டு உண்டு. எழுத்து ரொம்பப் பெரிது, கீழே நின்றே படிக்கலாம். நம் ஊர்க் கோயில் ட்யூப்லைட்டில் உபயதாரர் பெயர் எழுதுகிற ஆசை எல்லா ஊரிலும் இருக்கிறது.

#20 வாய்க்கால்வரப்பு

மட்டுறுத்துனர் அனுமதித்தால், 1832க்கு முந்திய கேள்வி ஒன்று. முதலாளி இல்லாமல், கொஞ்சம் நிறைய வாக்காளர் இருந்த ஊர்களில் நிலைமை நன்றாக இருந்ததா?

#21 ஏடுபுரட்டி

அங்கே வேறு வகைக் கூத்து. முதலாளி இல்லாத ஊரில் வாக்கைச் சில்லறையாக வாங்க வேண்டும். ஷாஃப்ட்ஸ்பரி, 1774. இந்தியாவில் பணம் சேர்த்த இரண்டு ஆங்கிலேயர்கள் நின்றார்கள், பிரான்சிஸ் சைக்ஸும் தாமஸ் ரம்போல்டும். ஒரு வீட்டுக் கதவில் ஓட்டை போட்டு, உள்ளே பொம்மலாட்டத்துப் ‘பஞ்ச்’ வேடத்தில் ஓர் ஆளை உட்கார வைத்து, ஓட்டை வழியாக வாக்காளருக்கு 20 கினி நீட்டினார்கள். முகம் தெரியாதே, யார் கொடுத்தார் என்று சாட்சி சொல்ல முடியாது. தோற்ற மார்ட்டிமர் புகார் கொடுத்துத் தேர்தலை ரத்து செய்ய வைத்தார். பிறகு சைக்ஸ் மேல் வழக்குப் போட்டு 11,000 பவுண்டும் கறந்தார்.

ரம்போல்டு என்ன ஆனார் தெரியுமா? 1778இல் மெட்ராஸ் ஆளுநர்.

#22 சேப்பாக்கம்காரன்

அடப்பாவி. எல்லாத் தண்டனையும் நமக்குத்தான்.

#23 கேள்விக்குறி

ஒரு கேள்வி பாக்கி. ஒழிப்பதற்கு 1832 வரை காத்திருக்க வேண்டியிருந்ததா, அல்லது அதற்கு முன்பே ஒரு ஊரைத் திருத்த வழி இருந்ததா?

#24 தில்லைஸ்தானம்

இருந்தது. நியூ ஷோரம் தொகுதியில் வாக்காளர்களே சங்கம் அமைத்து மொத்தமாக விலைபேசியது வெளியே வந்ததும், 1771இல் சட்டம் போட்டுச் சுற்றுவட்டார நில உடைமையாளர்களுக்கெல்லாம் அங்கே வாக்கு கொடுத்தார்கள். விற்கிறவர்களை நடுவில் கரைத்துவிடுகிற உபாயம். 1782இல் கிரிக்லேடுக்கும் அதையே செய்தார்கள். பென்ஃபீல்டு நின்ற 1780 தேர்தலின் ஊழலைத் தொடர்ந்து வந்த சட்டம் அது. பக்கத்து வட்டாரங்களைச் சேர்த்ததும் வாக்காளர் எண்ணிக்கை பல மடங்காயிற்று. கிரிக்லேடு விலைக்குக் கட்டுப்படியாகாமல் போனதும் பென்ஃபீல்டு மாம்ஸ்பரிக்குப் போனார், அப்புறம் ஷாஃப்ட்ஸ்பரிக்கு.

ஓல்ட் சேரத்தில் அந்த வைத்தியம் செய்ய முடியாது. லஞ்சம் கொடுத்தால்தானே ஊழல் வழக்கு? அங்கே லஞ்சம் வாங்க ஆளே இல்லை. சட்டப்படி பார்த்தால் இங்கிலாந்திலேயே சுத்தமான தொகுதி.